வாய்க்கால் வாயில் புழுக்கள் பெருகியிருக்கின்றன. அப்படியானால் சதுப்பு நலமாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

சேற்றுக்கால் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கழிமுகச் சேற்றில் வாழும் வளைதசைப் புழுக்களைப் பற்றிய முதுகலை ஆய்வேட்டுக்காகச் சில மாதங்களாக ஒரே உப்புச் சதுப்பின் இரண்டு இடங்களில் மாதிரி எடுத்து வருகிறேன். முதல் இடம், வயல்களிலிருந்து வடியும் நீரும் சுத்திகரிப்பு நிலையம் வெளியேற்றும் நீரும் கலந்து ஓடும் ஒரு வாய்க்கால் சதுப்பினுள் நுழையும் வாய்ப்பகுதி. இரண்டாவது இடம், ஓடையின் சில வளைவுகளைத் தாண்டி, வெளிநீர் எதுவும் நேரடியாகச் சேராத பகுதி. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்திருக்கும் முதல் இடத்தில் புழுக்கள் குறைந்திருக்கும் என்று நினைத்துத்தான் வேலையைத் தொடங்கினேன். கிடைத்ததோ நேர்மாறு. வாய்க்கால் வாயில் எடுத்த ஒவ்வொரு குழாய் மாதிரியிலும் (சேற்றில் குழாயைச் செருகி எடுப்பது) மற்ற இடத்தைப் போலப் பல மடங்கு புழுக்கள் இருந்தன.

புல்லும் அப்படியே. வாய்க்காலை ஒட்டிய புல் இடுப்பளவு வளர்ந்து கரும்பச்சையாக நிற்கிறது. தொலைவில் உள்ளது முழங்காலளவுதான், நிறமும் வெளிறியிருக்கிறது. ஆனால் அந்தச் செழித்த புல்லின் காலடியில், ஓடைக்கரையின் விளிம்புக்கு இணையாக நீண்ட வெடிப்புகள் ஓடுகின்றன; சில இடங்களில் புல்லும் மண்ணுமாகப் பெரிய கட்டிகள் பெயர்ந்து ஓடைக்குள் சாய்ந்து கிடக்கின்றன. கரை சரிவதற்குப் படகுகளின் அலைதான் காரணம், ஊட்டச்சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எனக்கு மேலே இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

புழு அதிகம், புல் உயரம், கரை மட்டும் உடைகிறது. இம்மூன்றையும் ஒரே காரணத்தால் விளக்க முடியுமா, அல்லது நான் தொடர்பில்லாதவற்றை முடிச்சுப் போடுகிறேனா என்று அறிய விரும்புகிறேன்.

கருவண்டல்:

தங்கள் எண்ணிக்கையில் பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்த எண்ணிக்கையை நலத்தின் அளவாக எடுத்துக்கொள்வதில்தான் பிழை நுழைகிறது.

நைட்ரேட்டோ பாஸ்பேட்டோ புழுவுக்கு நேரடி உணவும் அல்ல, வாய்க்காலில் வரும் அளவில் பெரும்பாலும் நேரடி நஞ்சும் அல்ல. அவை முதலில் பாசியாகின்றன. மிதக்கும் நுண்பாசிகளின் உடலில் சராசரியாக 16 நைட்ரஜன் அணுக்களுக்கு 106 கார்பன் அணுக்கள் என்ற விகிதம் இருப்பதால், வாய்க்கால் கொண்டுவரும் சிறிதளவு நைட்ரஜன்கூடப் பெருமளவு கரிமப்பொருளாக உருமாறுகிறது. அது மடிந்து சேற்றில் படிகிறது. சேற்றைத் தின்று வாழும் புழுவுக்கு அது விருந்து. இந்த முதற்கட்டத்தில் புழுக்கள் பெருகுவது இயல்பே.

விருந்து மிஞ்சும்போதுதான் கதை மாறுகிறது. கழிமுகச் சேற்றுக்குள் ஆக்சிஜன் நல்ல நாளிலேயே சில மில்லிமீட்டர் ஆழம்வரைதான் இறங்கும். படிந்த பாசியை அழுக வைக்கும் பாக்டீரியாக்கள் அதையும் தீர்த்துவிட்டால், அடுத்ததாகக் கடல்நீரில் தாராளமாகக் கிடைக்கும் சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் ஓங்குகின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்ஃபேட் இருப்பதால் அவற்றுக்குப் பஞ்சமே வராது. அவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணம். அது உயிரணுக்களின் சுவாச நொதியையே முடக்குவதால், ஆழத்தில் வளை தோண்டி வாழும் பெரிய புழுக்கள் முதலில் வெளியேறுகின்றன அல்லது மடிகின்றன. அவை காலி செய்த இடத்தில், இழைபோன்ற, குட்டையான, மேற்பரப்பை விட்டு அகலாத சிறுபுழுக்கள் குவிகின்றன.

இந்த வரிசையைக் கடலடி உயிரிகளை ஆராய்ந்த பியர்சனும் ரோசன்பெர்க்கும் 1978இல் தெளிவாக எழுதிவைத்தார்கள். கரிமச்சுமை ஏற ஏற, இனங்களின் எண்ணிக்கை, உயிரிகளின் எண்ணிக்கை, மொத்த எடை ஆகிய மூன்று கோடுகளும் ஒன்றாக நகர்வதில்லை என்பதே அவர்கள் காட்டியதன் சாரம். தொடக்கத்தில் இனங்களும் எடையும் சற்று உயரும். சுமை கூடியதும் இனங்கள் சரியத் தொடங்கும். ஆனால் அதே நேரத்தில் உயிரிகளின் எண்ணிக்கை மட்டும் செங்குத்தாக ஏறி ஓர் உச்சத்தைத் தொடும். ஓரிரு இனங்கள் மட்டுமே அந்த உச்சியில் கோடிக்கணக்கில் இருக்கும். அதற்கு அப்பால் உயிரற்ற கருஞ்சேறுதான். தங்கள் முதல் இடம் அந்த உச்சியின் மேல் நிற்கிறது என்பது என் ஊகம்.

அங்கே பெரும்பாலும் கேப்பிடெல்லா வகையே கிடைத்திருக்கும். சிவந்த நூல்துண்டு போல இருக்கும். சில வாரங்களிலேயே முதிர்ந்து இனம்பெருக்கும். மற்றவை தாங்காத சல்ஃபைடைத் தாங்கும். ஓர் எச்சரிக்கை: 1969இல் அமெரிக்காவின் மேற்கு ஃபால்மத் பகுதியில் எண்ணெய் கொட்டியபின் பெருகிய கேப்பிடெல்லாவை ஆராய்ந்த கிராசில் இணையர், ஒரே இனம் என்று அதுவரை நினைக்கப்பட்டது குறைந்தது ஆறு இனங்கள் என்று 1976இல் காட்டினார்கள். ஆகையால் இனப்பெயரை உறுதியாக எழுதிவிடாமல் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தாங்கள் இரண்டு செய்திகளைச் சொல்லவில்லை. சலித்த சல்லடையின் கண் எவ்வளவு? 1 மில்லிமீட்டர் என்றால் இந்த இழைப்புழுக்களில் பாதி வழுக்கி ஓடியிருக்கும், 0.5 மில்லிமீட்டர் என்றால்தான் எண்ணிக்கையை நம்பலாம். மேலும், குழாயைப் பிளந்து நீளவாட்டில் பார்த்தீர்களா, அல்லது அப்படியே சல்லடையில் கொட்டிவிட்டீர்களா? பின்னதைச் செய்திருந்தால், புழுக்கள் எந்த ஆழத்தில் இருந்தன என்ற, எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி கழுவப்பட்டுப் போயிருக்கும். நானும் முதல் ஆண்டு முழுவதும் அப்படித்தான் கழுவிக் கொட்டினேன் என்பதால் சொல்கிறேன்.

வேர்த்தடம்:

புழுப்பகுதியைக் கருவண்டல் சொல்லிவிட்டார். நான் புல்லை எடுத்துக்கொள்கிறேன். உயரமான புல்லும் உடையும் கரையும் ஒன்றுக்கொன்று முரண் என்று தாங்கள் கருதுவது இயல்புதான், ஆனால் அவை ஒரே நிகழ்வின் இரு முகங்களாக இருக்கக்கூடும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிளம் தீவுக் கழிமுகத்தில் 2004 முதல் ஒரு பெரிய சோதனை நடத்தப்பட்டது. சிறிய பாத்திகளில் உரம் தூவிப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, சதுப்பின் முழு ஓடைகளுக்குள் ஏறும் ஓதநீரிலேயே (கடலின் ஏற்றவற்றத்தோடு வரும் நீர்) நைட்ரேட்டைக் கரைத்துவிட்டார்கள். மாசடைந்த கழிமுகம் ஒன்றில் சதுப்புக்கு ஊட்டச்சத்து எப்படி வந்து சேருமோ, ஏறத்தாழ அதே வழி. ஒன்பது ஆண்டு விளைவுகளை லிண்டா டீகன் தலைமையிலான குழு 2012இல் நேச்சர் இதழில் வெளியிட்டது. ஓடைக்கரையில் கரையைக் கட்டிப்பிடிக்கும் வேர்கள் குறைந்தன; மண்ணுக்குள் இருந்த கரிமப்பொருள் விரைவாக மட்கியது; கரை விளிம்பில் வெடிப்புகள் பெருகின; பின்னர் புல்லோடு கூடிய கட்டிகள் ஓடைக்குள் சரிந்தன. தங்கள் பதிவில் வெடிப்புகள் விளிம்புக்கு இணையாக ஓடுகின்றன என்று படித்தபோது எனக்கு அந்தப் படங்கள்தான் நினைவுக்கு வந்தன.

காரணம் இரண்டு. நைட்ரஜனைத் தேடி அலைய வேண்டிய செடி வேரில் முதலீடு செய்யும். அது காலடியிலேயே கிடைத்தால் தண்டிலும் இலையிலும் செலவழிக்கும். எனவே தலைக்கனத்த, கால் நலிந்த புல் உருவாகிறது. இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது, என் பார்வையில் அதுவே கூடுதல் ஆபத்தானது. உப்புச் சதுப்பின் மண் பெரும்பாலும் பழைய வேர்களும் வேர்த்தண்டுகளும் ஆக்சிஜன் இல்லாத நிலையில் மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவானது. பாக்டீரியாவுக்கு நைட்ரேட் என்பது ஆக்சிஜனுக்கு அடுத்தபடியான மூச்சு. ஆக்சிஜன் எட்டாத ஆழத்துக்கு நைட்ரேட் இறங்கினால், இத்தனை காலம் மட்காமல் கிடந்த வேர்நார் மட்கத் தொடங்குகிறது. கரையை உள்ளிருந்து கறையான் அரிப்பதைப் போன்றது இது. வெளியே பச்சை மாறாது. உள்ளே கட்டு தளர்ந்துவிடும்.

அந்தச் சோதனையில் இன்னொரு படிப்பினையும் இருக்கிறது. ஊட்டச்சத்து ஏறிய முதல் சில ஆண்டுகளில் ஓடைகளில் மம்மிச்சாக் என்னும் சிறுமீன் பெருகியது, இரை பெருகியதால். ஆனால் கரைகள் சரிந்து, ஓதம் ஏறும்போது மீன் ஓடையிலிருந்து புல்வெளிக்கு ஏறிச்செல்லும் வழி கெட்டபின், அதே மீன் குறைந்தது. இரண்டாம் ஆண்டில் அறிக்கை எழுதியவர் நன்மை என்று எழுதியிருப்பார். பத்தாம் ஆண்டில் எழுதியவர் வேறு எழுதியிருப்பார். தங்கள் சில மாத மாதிரிகளையும் அந்த எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

ஓதமானி:

மேலுள்ள இரு பதில்களும் நன்று. எனினும் கேள்வி கேட்டவர் அவற்றை அப்படியே ஆய்வேட்டில் ஏற்றிவிடக் கூடாது என்பதற்காகச் சில தடைகளை எழுப்புகிறேன்.

முதலாவது, கழிமுகம் என்பது மாசு இல்லாமலேயே கடினமான இடம். உப்பு ஒரு நாளைக்குள் ஏறி இறங்கும், வெயிலில் சேறு காயும், கரிமப்பொருள் இயற்கையாகவே குவியும். அதனால் தூய கழிமுகத்திலும் இனங்கள் குறைவாகவும், தாங்கும் திறன் படைத்த சில இனங்கள் ஏராளமாகவும் இருக்கும். மாசடைந்த கடற்பகுதியின் அடையாளமும் இதுவே. எலியட்டும் குவின்டினோவும் 2007இல் இதைக் கழிமுகத் தர முரண் என்று பெயரிட்டு விவாதித்தார்கள். கடல் அடித்தளத்துக்கு வகுத்த மாசுக் குறியீட்டை எடுத்து வந்து கழிமுகச் சேற்றில் பொருத்தினால், குற்றமற்ற சதுப்பும் குற்றவாளியாகிவிடும். வாய்க்கால் வாயில் நன்னீர் கலப்பதாலேயே உப்பு குறைந்து இனங்கள் மாறியிருக்கலாம். இரு இடங்களிலும் ஓதத்தின் ஒரே கட்டத்தில் உப்பளவு எடுத்திருக்கிறீர்களா?

இரண்டாவது, பிளம் தீவின் முடிவை எல்லாச் சதுப்புக்கும் சட்டமாக்க முடியாது. அதே மாசசூசெட்ஸில் கிரேட் சிப்பிவிசெட் சதுப்பில் 1970களின் தொடக்கத்திலிருந்து வாலியேலாவும் டீலும் தொடங்கிய உரமிடல் பல பத்தாண்டுகள் நடந்தது. அங்கே புல் உயர்ந்தது, அடர்ந்தது, மேட்டுச் சதுப்பின் இனக்கலவை மாறியது. ஆனால் பிளம் தீவில் கண்டதைப் போன்ற கரைச்சரிவு அந்தப் பாத்திகளின் கதையாக அமையவில்லை. முரண் போலத் தோன்றினாலும், உரத்தின் வடிவத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கிறது. ஒன்றில், நைட்ரஜனைப் பெரிதும் அம்மோனியமாகத் தரும் உலர் உரம் சதுப்பின் மேல் தூவப்பட்டது. மற்றொன்றில் நைட்ரேட் ஓதநீரில் கரைந்து வந்தது. அம்மோனியத்தைச் செடி எளிதில் எடுத்துக்கொள்ளும், அதை வைத்துப் பாக்டீரியா வேரை மட்கச் செய்ய முடியாது. நைட்ரேட்டை எடுத்துப் பயன்படுத்தச் செடி கூடுதல் ஆற்றல் செலவிட வேண்டும், பாக்டீரியாவோ அதை வைத்தே சுவாசித்துவிடும். எனவே தங்கள் வாய்க்காலில் 'நைட்ரஜன்' எவ்வளவு என்று ஒரே எண்ணாக எழுதாமல், நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் பிரித்து எழுதுங்கள். புல் இடுப்பளவு உயர்ந்திருப்பதைப் பார்த்தால் அம்மோனியமும் கணிசமாக வருகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, படகு அலை என்ற விளக்கத்தை எளிதில் தள்ள வேண்டாம். அதைச் சோதிக்க வழி இருக்கிறது. அலை அரித்த கரை அடியில் குடைந்து, மேலே தொங்கும் விளிம்போடு, படகு போகும் பெரிய கால்வாயை நோக்கிய பக்கத்தில் மோசமாக இருக்கும். படகு நுழையவே முடியாத கிளை ஓடைகளிலும் வெடிப்புகள் இருக்கின்றனவா என்று நடந்து பாருங்கள்.

சேற்றுக்கால்:

பதிலளித்த மூவருக்கும் மிக்க நன்றி. கேட்ட கேள்விகளுக்கு விடை தேடிக்கொண்டு மீண்டும் சதுப்புக்குச் சென்று வந்தேன்.

சல்லடைக் கண் 0.5 மில்லிமீட்டர்தான். உப்பளவு இரு இடங்களிலும் ஏறுஓதத்தின்போது ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறது. வற்றும்போது மட்டும் வாய்க்கால் வாயில் குறைகிறது. ஓதமானி ஐயா சொன்னபடி கிளை ஓடைகளுக்குள்ளும் நடந்தேன். படகு வராத, நான் கையை விரித்தால் இரு கரையையும் தொடக்கூடிய குறுகிய ஓடைகளிலும் அதே வெடிப்புகள் இருக்கின்றன. ஆனால் வாய்க்கால் நீர் எட்டும் பக்கத்தில் மட்டும்.

குழாய்களை இம்முறை நீளவாட்டில் பிளந்தேன். வாய்க்கால் வாயில் எடுத்ததில் மேலே நகத்தின் தடிப்பளவு பழுப்புத் தோல், அதன்கீழ் மை போன்ற கருமை, அடிவரை அதே கருமை. நாற்றம் கையை விட்டுப் போக இரண்டு நாள் ஆயிற்று. சிவந்த இழைப்புழுக்கள் அனைத்தும் அந்தப் பழுப்புத் தோலிலும் அதற்குச் சற்றுக் கீழுமாக நெளிந்துகொண்டிருந்தன. இரண்டு விரற்கடைக்குக் கீழே ஒன்றுமில்லை.

மற்ற இடத்துக் குழாயில் சாம்பல் நிறச் சேற்றினூடே ஒரேயொரு வளை என் கையின் நீளத்துக்கு இறங்கியிருந்தது. பென்சில் தடிப்பு இருக்கும். அதைச் சுற்றித் துருப்பிடித்த இரும்பு போன்ற செம்மஞ்சள் வளையம், குழாயின் அடிவரை. அதன் முடிவில் ஹெடிஸ்டே புழு ஒன்று சுருண்டிருந்தது. வாய்க்கால் வாயின் குழாயில் கிடைத்த அத்தனை இழைப்புழுக்களையும் சேர்த்து நிறுத்தாலும் இந்த ஒன்றின் எடை வராது.

இப்போது என் கேள்வி: புழுக்களின் வளைகள் சேற்றிலிருந்து நைட்ரஜனை வெளியேற்ற உதவுகின்றன என்று படித்திருக்கிறேன். அப்படியானால் புழுக்கள் அதிகம் உள்ள வாய்க்கால் வாய், வரும் நைட்ரஜனைத் தானே தீர்த்துக்கொள்ள வேண்டாமா?

கருவண்டல்:

தாங்கள் பார்த்த அந்தத் துருநிற வளையம்தான் தங்கள் கேள்விக்கு விடை. அதைப் படமெடுத்து வைத்திருந்தால் ஆய்வேட்டின் முதற்படமாகப் போடுங்கள்.

ஹெடிஸ்டே தன் வளைக்குள் உடலை அலையலையாக அசைத்து மேலிருக்கும் நீரை உள்ளே இழுக்கிறது. நீருடன் ஆக்சிஜன் போகிறது. சேற்றில் கரைந்திருந்த இரும்பு அந்த ஆக்சிஜனைச் சந்திக்கும் இடத்தில் துருவாகப் படிகிறது. தாங்கள் கண்ட நிறம் அதுவே. துரு படிந்த சுவர் சல்ஃபைடைப் பிடித்துக்கொள்ளும், பாஸ்பேட்டையும் ஒட்டி வைத்துக்கொள்ளும். சாதாரணமாகச் சேற்றின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டரோடு முடிந்துவிடும் ஆக்சிஜன் எல்லை, இந்த வளையால் ஆழத்துக்கு மடிந்து இறங்குகிறது.

நைட்ரஜனுக்கு அந்த எல்லைதான் முக்கியம். அம்மோனியம் நைட்ரேட்டாக மாற ஆக்சிஜன் வேண்டும். நைட்ரேட், நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலக்க ஆக்சிஜன் இருக்கக் கூடாது. ஒன்றுக்கொன்று ஒத்துவராத இந்த இரண்டு வேலைகளும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் அருகருகே நடக்க வளைச்சுவரைப் போல் வேறு இடம் அரிது. உள்ளே ஆக்சிஜன், ஒரு நகத்தடிப்புக்கு அப்பால் ஆக்சிஜன் இல்லை. ஆழமான வளைகள் நிறைந்த சேறு, மேற்பரப்பைப் பல மடங்கு விரித்து வைத்த சேறு.

கேப்பிடெல்லா இதைச் செய்யாமலில்லை. அது தின்று, கிளறி, மேல்தோலை ஓரளவு காற்றோட்டமாக வைக்கிறது, சுமை குறையும்போது மீட்சிக்கு முதல் கலப்பையாகவும் உதவுகிறது. ஆனால் அதன் வேலை இரண்டு விரற்கடையோடு முடிகிறது. மேலும், சல்ஃபைடு தேங்கிய சேற்றில் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் முடங்குகின்றன. வரும் நைட்ரேட்டில் ஒரு பங்கு வாயுவாகி வெளியேறுவதற்குப் பதிலாக மீண்டும் அம்மோனியமாகவே மாறி நீருக்குள் திரும்புகிறது. அது மறுபடி பாசி, மறுபடி அழுகல். எந்த இடத்துக்கு நைட்ரஜன் நீக்கம் மிகவும் தேவையோ, அந்த இடத்தில்தான் அதைச் செய்யும் ஏற்பாடு முதலில் பழுதாகிறது.

ஓர் இடைச்செய்தி. பால்டிக் கடலில் 1985இல் வட அமெரிக்காவிலிருந்து வந்தேறிய மரென்செல்லீரியா என்னும் புழு, உள்ளூர்ப் புழுக்களைவிட ஆழமாக வளை தோண்டக்கூடியது. அது பரவிய இடங்களில் சேறு பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் திறன் நீண்ட காலப்போக்கில் கூடலாம் என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. அதே புழு, ஆழத்தில் புதைந்திருந்த பழைய நச்சுப்பொருள்களைக் கிளறி மேலே கொண்டுவரவும் செய்கிறது. வந்தேறியை வரவேற்கச் சொல்லவில்லை. வளையின் ஆழம் எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

வேர்த்தடம்:

கிளை ஓடைச் செய்தி மிகவும் பயனுள்ளது. வெடிப்புகள் வாய்க்கால் நீர் எட்டும் பக்கத்தில் மட்டும் இருப்பது, படகு அலையை முதன்மைக் காரணமாக வைப்பதைக் கடினமாக்குகிறது. முழுமையான சான்று இல்லைதான். அந்தப் பக்கத்தில் நீரோட்டமும் விரைவாக இருக்கலாம். கரை விளிம்பிலிருந்து ஒரே தொலைவில் இரு இடங்களிலும் மண்கட்டி வெட்டியெடுத்து, உயிர்வேர்களைக் கழுவிப் பிரித்து, உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். வேலை சலிப்பூட்டும், ஆனால் கரைச்சரிவைப் பற்றிய வாதத்தை முடித்துவைக்கக்கூடியது அந்த எடைதான்.

ஹெடிஸ்டேயைப் புகழ்ந்து பேசும் இடத்தில் ஒரு மறுபக்கமும் சொல்ல வேண்டும். தென்கிழக்கு இங்கிலாந்தில் உப்புச் சதுப்பு அழிவதற்கு இந்தப் புழுவே பெரிய காரணம், அது விதைகளையும் நாற்றுகளையும் தின்றும் புதைத்தும் புதுச் செடி வேரூன்ற விடுவதில்லை என்று ஹியூஸும் பாரமோரும் 2004இல் வாதிட்டார்கள். கடல் மட்டம் உயர்வதும், கரைத்தடுப்புகளால் சதுப்பு பின்வாங்க இடமின்றி நசுங்குவதுமே காரணம் என்று வேறு ஆய்வாளர்கள் உடனே மறுத்தார்கள். நான் பின்னவர்கள் பக்கம் சாய்கிறேன். எனினும் புழு விதையைப் பிடிப்பது உண்மை. ஸ்பார்ட்டினா என்னும் சதுப்புப் புல்லின் விதையை வளைக்குள் இழுத்துப் புதைத்து, அது முளைவிட்டபின் முளையைத் தின்கிறது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. கடினமான உமியை உடைக்க முடியாத புழுவுக்கு இது ஒருவகைத் தோட்டவேலை.

ஊட்டச்சத்து இதில் நுழைவது பச்சைப்பாசி வழியாக. உல்வா பாசி கம்பளமாகப் படர்ந்தால் ஹெடிஸ்டே அதையும் இழுத்துத் தின்று கொழுக்கிறது; கம்பளம் தடித்தால் அதன் அடியிலேயே ஆக்சிஜன் தீர்ந்து, புழு மேற்பரப்புக்கு வந்து பறவைக்கு இரையாகிறது. ஓதம் அந்தக் கம்பளத்தைச் சதுப்பின் விளிம்பில் கொண்டுபோய்ப் போட்டால், உமரி போன்ற முன்னோடிச் செடிகளின் நாற்று வெளிச்சமின்றி அழுகிப்போகிறது. பழைய கரை சரிந்துகொண்டிருக்கும்போதே புதிய விளிம்பு உருவாவதும் நின்றுவிடுகிறது. தங்கள் சதுப்பில் உல்வா எங்கே ஒதுங்குகிறது என்று குறித்து வையுங்கள்.

ஓதமானி:

என் தடைகளில் இரண்டைக் கேள்வி கேட்டவரே களத்தில் தீர்த்துவிட்டார், மகிழ்ச்சி. இன்னும் பார்க்க வேண்டியது நீரின் ஆக்சிஜன்.

தாங்கள் நடுப்பகலில் அளந்தால் வாய்க்கால் வாய் நீர் ஆக்சிஜன் நிறைந்ததாகவே காட்டும், ஏனெனில் பாசி வெயிலில் அதை உற்பத்தி செய்துகொண்டிருக்கும். இரவெல்லாம் அதே பாசியும் பாக்டீரியாவும் அதைச் செலவழித்து, விடியலுக்குச் சற்று முன் அது மிகத் தாழ்ந்திருக்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஆக்சிஜன் பற்றாக்குறை என்று வழக்கமாகக் கொள்கிறார்கள். பகல் அளவை மட்டும் எழுதிவிட்டு நீர் நன்றாக இருக்கிறது என்று முடித்த அறிக்கைகளை நான் போதுமான அளவு படித்துவிட்டேன். ஒரு கோடைக்கால இரவு, வற்றுஓதம் விடியலோடு பொருந்தும் நாளாகப் பார்த்து, விழித்திருந்து அளந்து பாருங்கள்.

திரும்பி வருமா என்ற கேள்வி அடுத்து எழும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சேறு திரும்பி வரும். பாஸ்டன் துறைமுகத்தில் கழிவுநீர்க் கசடு கொட்டுவது 1991இல் நிறுத்தப்பட்டது. 2000இல் சுத்திகரித்த நீரும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் கடலுக்குள் கொண்டுசெல்லப்பட்டது. துறைமுகச் சேற்றில் வாழ்வன அதன்பின் கூடின, பலவகைப்பட்டன, சேறும் ஆழமாகச் சுவாசிக்கத் தொடங்கியது. ஆனால் அது புழுக்களின் மீட்சி. புழுவின் குஞ்சுகள் நீரோடு மிதந்து வந்து, சேறு இடம் கொடுத்த அடுத்த பருவத்திலேயே குடியேறும். வேர்நாரால் நூற்றாண்டுகளாகக் கட்டப்பட்ட கரை ஓடைக்குள் விழுந்துவிட்டால், அதற்கு அப்படி மிதந்து வரும் குஞ்சு கிடையாது.

ஆகவே அட்டவணையில் 'ஒரு குழாய்க்கு இத்தனை புழுக்கள்' என்ற நிரலோடு இன்னும் மூன்று நிரல்களைச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்: புழுக்களின் மொத்த எடை, மிக ஆழமான வளையின் ஆழம், பழுப்புத் தோலின் தடிப்பு. கடைசி இரண்டுக்கும் அளவுகோல் ஒன்று போதும். அடுத்த குழாயைப் பிளக்கும்போது காற்றுப் பட்ட உடனே அளந்துவிடுங்கள். சில நிமிடங்கள் தாமதித்தால் கருமை வெளிறத் தொடங்கி, இல்லாத நலத்தை இருப்பதாகக் காட்டும்.